சைலன்சர் மாத்தலாமா? ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன தடவை ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் (கம்பெனி சைலன்சருக்கு பதிலா போடற, சத்தம் ஜாஸ்தியான புகைக்குழாய்) பத்தி போறபோக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கே வந்து குவிஞ்ச கேள்விங்கள பாத்தா இந்த தடவை வேற எதுக்கும் இடமில்ல. ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் சேத்து ஒண்ணாக்கிட்டேன், பேரும் போடல, யாரும் கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: 2 லிட்டர் டர்போ ஹாட் ஹேட்ச் (வேகத்துக்குன்னே செஞ்ச சின்ன கார்) வெச்சிருக்கேன். கேட்-பேக் எக்ஸாஸ்ட் போட்டா 25, 30 குதிரைசக்தி கூடும்னு விக்கிறவர் அடிச்சு சொல்றாரு. நம்பலாமா?

பதில்: நம்பாதீங்க. கேட்-பேக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகைல இருக்கற விஷத்த கொறைக்கற பொட்டி) பின்னாடி இருக்கற குழாய், ரெசொனேட்டர் (சில சத்தத்த மட்டும் அமுக்கற டப்பா), கடைசி சைலன்சர், வெளிய தெரியற டிப் எல்லாத்தையும் மொத்தமா மாத்தறது. கடைசி சைலன்சர மட்டும் மாத்தினா அது ஆக்சில்-பேக். உங்க கார்ல புகை தட்டித் தடுமாறற இடம் அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, டர்போவோட டர்பைன்லயும் (புகை தள்ளி சுத்தற சக்கரம்) அதுக்கு ஒட்டினாப்ல வர்ற டவுன்பைப், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்லயும்தான் இருக்கு. பின்னாடி எவ்ளோ அகலமா ரோடு போட்டாலும் முன்னாடி குறுகலான கேட்ட தாண்டித்தானே வரணும்?

இதுல இன்னொரு விஷயம், இத விக்கிறவங்க சொல்லவே மாட்டாங்க. இப்ப வர்ற டர்போ கார்ல ஈசியு-க்குள்ள (இன்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) இவ்ளோ டார்க்தான் (இன்ஜின் சுத்தற இழுவை) குடுக்கணும்னு ஒரு கணக்கு எழுதி வெச்சிருக்கு. எக்ஸாஸ்ட் கொஞ்சம் லேசாச்சுன்னா, அது சரி நமக்கு வேலை மிச்சம்னு வேஸ்ட்கேட்ட (டர்பைன சுத்தாம புகைய விலக்கி விடற கதவு) இன்னும் கொஞ்சம் தெறந்து விட்டுட்டு அதே டார்க்லயே நிக்கும். டர்போ கொஞ்சம் சீக்கிரம் எழுந்துக்கும், கால்ல அந்த வித்தியாசம் தெரியலாம், ஆனா ரீமேப் (அந்த கணக்க மாத்தி எழுதறது) பண்ணாம பெருசா நம்பர் ஏறாது. டர்போ இல்லாத கார்னா கேட்-பேக்ல கெடைக்கறது ஒத்தை இலக்கத்துலதான் இருக்கும், அதுவும் ரெட்லைன் (இன்ஜின் சுத்தலாம்ங்கற உச்ச வேகம்) பக்கத்துல. டைனோ ஷீட் (மெஷின்ல வண்டிய ஓட்டி சக்திய அளந்த காகிதம்) காட்டினாங்கன்னா ரெண்டு ரன்னும் அதே நாள், அதே மெஷின், இன்ஜினுக்குள்ள போற காத்தோட சூடு ஒண்ணான்னு கேளுங்க, பாதி பேர் அங்கயே பேச்ச மாத்திடுவாங்க. சத்தத்துக்காக வாங்கறீங்களா, தாராளமா வாங்குங்க, நானும் அதுக்குத்தான் வாங்கினேன்.

கேள்வி: பேக் ப்ரெஷர் இல்லேன்னா இன்ஜினுக்கு இழுவை போயிடும்னு மெக்கானிக் சொல்றார், இன்னொருத்தர் குழாய் எவ்ளோ பெருசோ அவ்ளோ நல்லதுங்கறார். யார் சொல்றது சரி?

பதில்: ரெண்டு பேருமே பாதி சரி. பேக் ப்ரெஷர்ங்கறது புகை வெளிய போறத எதிர்க்கற அழுத்தம், எந்த இன்ஜினுக்கும் தேவையில்ல, அது வெறும் தடை. ஆனா புகை போற வேகம் தேவை. புகை குழாய்ல ஆறு மாதிரி ஓடறதில்ல, ஒவ்வொரு சிலிண்டரும் வால்வ் தெறக்கும்போது ஒரு தள்ளு, அப்புறம் ஒரு தள்ளுனு விட்டு விட்டுத்தான் வருது. ஒரு தள்ளு வேகமா போச்சுன்னா அதுக்கு பின்னாடி கொஞ்சம் வெற்றிடம் உண்டாகி அடுத்த சிலிண்டர்ல மிச்சமிருக்கற புகையையும் சேத்து இழுத்துக்கிட்டு போகும். குழாய் தேவைக்கு மேல பெருசானா அந்த வேகம் செத்துடும், கீழ் ஆர்பிஎம்ல வண்டி சோம்பலாயிடும், அதைத்தான் உங்க மெக்கானிக் இழுவை போச்சுங்கறார். 2.5 இன்ச்சுல இருந்து 3 இன்ச்சுக்கு போனா அரை இன்ச்சுதானேன்னு தோணும், ஆனா உள் பரப்பு 44 சதவீதம் கூடிடுது. டர்போ காருக்கு டர்பைனுக்கு பின்னாடி பெரிய குழாய் பரவாயில்ல, டர்போ இல்லாத சின்ன இன்ஜினுக்கு 3 இன்ச் போட்டா சத்தம் பெருசாகும், வண்டி மெதுவாகும்.

கேள்வி: ஹைவேல 100ல போகும்போது காருக்குள்ள ‘ஹூம்ம்ம்’னு ஒரே சத்தம், காது அடைக்குது, பின்சீட்ல உக்காந்தவங்களுக்கு தலைவலியே வந்துடுச்சு. வீடியோல கேட்டப்ப இது இல்லையே?

பதில்: வாங்க, சங்கத்துல சேர்ந்துட்டீங்க. இதுக்கு பேர் ட்ரோன். ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் போட்டவங்க ஆறு மாசத்துல அதை கழட்டிப் போடறதுக்கு எனக்கு தெரிஞ்சு முதல் காரணம் இதுதான். என் சொந்தக்கதை சொல்றேன், முதல் தடவை சிட்டிக்குள்ள ஓட்டிப்பாத்துட்டு ஆஹா ஓஹோன்னு ரெசொனேட்டரே இல்லாத சிஸ்டம் ஒண்ண போட்டேன், அடுத்த வாரமே நாலு மணி நேர டிரைவ் ஒண்ணு, ரெண்டாவது மணி நேரத்துல பாட்டையும் அணைச்சுட்டேன் பேச்சையும் நிறுத்திட்டேன், மூணாவது மணி நேரத்துல வேணும்னே ஒரு கியர் கீழ போட்டு ஓட்டினேன், அந்த ஆர்பிஎம்ம தாண்டினாத்தான் நிம்மதி.

ஏன் வருதுன்னா, நாலு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஒரு சுத்துக்கு ரெண்டு வெடி. 3000 ஆர்பிஎம்னா நொடிக்கு 50 சுத்து, 100 வெடி, அதாவது 100 ஹெர்ட்ஸ் சத்தம். ஆறு சிலிண்டர்னா 2400ல 120 ஹெர்ட்ஸ். காரோட உள்பக்கம் ஒரு பொட்டி மாதிரிதான், அதுக்குன்னு சில சத்தம் புடிக்கும், எக்ஸாஸ்ட்ல வர்றதும் பொட்டிக்கு புடிச்சதும் ஒண்ணாயிடுச்சுன்னா பொட்டியே சேந்து பாட ஆரம்பிச்சிடும். பாவம், க்ரூஸ் பண்ற ஆர்பிஎம் பெரும்பாலும் அந்த இடத்துலயே வந்து உக்காரும். வீடியோல ஏன் கேக்கலன்னா, போன் மைக்குக்கு இந்த அடிச்சத்தம் சரியா எட்டாது, போதாக்குறைக்கு சத்தம் ஏறினா அதுவே வால்யூம கொறச்சுக்கும். அதனால வீடியோ பாத்து எக்ஸாஸ்ட் வாங்கறது போட்டோ பாத்து வாசனை சொல்ற கதைதான். அதே சிஸ்டம் போட்ட அதே மாடல் கார் யார்கிட்டயாவது இருந்தா கெஞ்சிக் கூத்தாடியாவது பின்சீட்ல உக்காந்து அரை மணி நேரம் ஹைவேல போயிட்டு வாங்க.

வாங்கியாச்சு, இப்ப என்ன பண்றது? முதல்ல பாக்க வேண்டியது குழாய் எங்கயாவது பாடிய தொடுதான்னு. ஒரு ஹேங்கர் (குழாய தொங்க விடற கொக்கி) முறுக்கிக்கிட்டு இருந்தாக்கூட குழாய்ல இருக்கற அதிர்வு அப்படியே ஃப்ளோருக்கு வந்துடும், அதை ட்ரோன்னு நெனச்சு எக்ஸாஸ்ட்ட திட்டிக்கிட்டு இருப்போம். அது இல்லேன்னா கழட்டின ரெசொனேட்டர திருப்பி போடுங்க. அதுவும் பத்தலேன்னா ஒரு பக்கம் அடைச்ச குழாய் ஒண்ண கிளை மாதிரி வெல்டு பண்ணுவாங்க, ஜே-பைப்னு சொல்றது. சத்தம் அந்த முட்டுச்சந்துக்குள்ள போயிட்டு திரும்பி வர்றப்போ அரை அலை லேட்டா வந்து எதிர் சத்தத்த அடிச்சு அமுக்கிடும். அதுக்கு குழாயோட நீளம் அலைநீளத்துல கால்வாசி இருக்கணும். சூடான புகைல சத்தம் நொடிக்கு சுமார் 450, 500 மீட்டர் போகும், வெளிக்காத்துல போற மாதிரி 340 இல்ல, அதனால 100 ஹெர்ட்ஸ அமுக்க 1.1ல இருந்து 1.25 மீட்டர் நீளம் வேணும். காருக்கு அடியில அவ்ளோ இடம் தேடறதுதான் கஷ்டம், வளைச்சு வளைச்சு கொண்டு போவாங்க. எந்த ஆர்பிஎம்ல ரொம்ப மோசம்னு நீங்க சரியா குறிச்சுக்கிட்டு போனாத்தான் அந்த வேலை பலிக்கும், குத்துமதிப்பா போட்டா வெயிட்டுதான் மிச்சம்.

கேள்வி: என் கார் புது மாடல், பழைய மாடல் ஐட்லிங்லயே கர்ஜிக்குது, என்னோடது வாக்வம் க்ளீனர் மாதிரி இருக்கு. கம்பெனி ஏன் இப்படி பண்றாங்க?

பதில்: 2018 வாக்குல இருந்து ஐரோப்பால விக்கிற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்கள்ல புகைத்தூள புடிக்க ஒரு ஃபில்டர் வர ஆரம்பிச்சுது. அது தூளோட சேத்து சத்தத்தையும் முழுங்கிடுது. சத்தத்துக்கான சட்டமும் படிப்படியா இறுகிக்கிட்டே போகுது. அதனால கம்பெனிங்க ஸ்பீக்கர் வழியா இன்ஜின் சத்தம் போட ஆரம்பிச்சாங்க, 2011ல வந்த பி.எம்.டபிள்யூ எம்5லயே இது உண்டு. பின்னாடி ஒரிஜினல் சத்தம் வர்ற சிஸ்டம் போட்டீங்கன்னா ஸ்பீக்கர் சத்தமும் சேந்து ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசற மாதிரி இருக்கும், அதை அணைக்க வழி இருந்தா அணைச்சுடுங்க. ஆனா அந்த ஃபில்டர மட்டும் புடுங்கி எறியலாமான்னு கேக்காதீங்க, அதுக்கான பதில் அடுத்த கேள்விலயே இருக்கு.

கேள்வி: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப் போட்டேன், மூணாவது நாள் செக் இன்ஜின் லைட் வந்துடுச்சு, ஸ்கேனர்ல பி0420ன்னு காட்டுது. லைட்ட மட்டும் வராம பண்ண முடியுமா?

பதில்: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலங்கறதுதான் அந்த கோடு. வேலை செய்ய அது அங்க இருந்தாத்தானே, கார் பொய் சொல்லல. அதுக்கு முன்னாடி ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னாடி ஒண்ணு. முன்னாடி இருக்கறத பாத்துத்தான் ஈசியு பெட்ரோல் காத்து கலவைய ஏத்தி இறக்கும், அதனால அந்த சென்சாரோட ரீடிங் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். கன்வெர்ட்டர் நல்லா இருந்தா உள்ள ஆக்ஸிஜன வாங்கி வெச்சு வெச்சு விடும், பின் சென்சார் ரீடிங் அமைதியா இருக்கும். ரெண்டும் ஒரே மாதிரி ஆடினா கன்வெர்ட்டர் செத்துடுச்சுன்னு ஈசியு முடிவு பண்ணி லைட்ட போடுது.

லைட்ட ஏமாத்தற வித்தையெல்லாம் இருக்கு, நான் இங்க எழுத மாட்டேன். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூணையும் கொறைக்கற பொருள் அது, உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசி இருக்கு, அதை கழட்டி ரோட்ல ஓட்டறது பெரும்பாலான நாட்ல சட்டப்படி தப்பு, புகை டெஸ்ட்ல நிக்காது, விபத்துன்னு ஏதாவது ஆனா இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு நல்ல சாக்கு. நாத்தமும் சேத்து வரும், பின்னாடி வர்ற வண்டிக்காரங்க உங்கள வாழ்த்த மாட்டாங்க. அகலமான சந்து வெச்ச ஹை ஃப்ளோ கன்வெர்ட்டர் கிடைக்குது, அதுவும் உங்க ஊர் சட்டம் ஒத்துக்கற சான்று இருக்கற பொருளான்னு பாத்து வாங்குங்க. அதுவே மலிவு சரக்கா இருந்தா இதே கோடு கொஞ்ச நாள்ல திருப்பி வந்து நிக்கும். எனக்கு கேட்டா, கன்வெர்ட்டர தொடாம அதுக்கு பின்னாடி மட்டும் வேலை பண்ணுங்கம்பேன்.

கேள்வி: 304, 409, டைட்டானியம்னு மூணு சொல்றாங்க. எது?

பதில்: 304, 409 ரெண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைங்க. 409ல குரோமியம் 11 சதவீதம்தான், மேல பழுப்பா துரு படியும், ஆனா உள்ள அரிச்சு ஓட்டை விழ பல வருஷம் ஆகும், கம்பெனி சிஸ்டங்கள்ல நிறைய இதுதான். 304ல குரோமியம் 18, நிக்கல் 8, பளபளப்பு நிக்கும். காந்தம் வெச்சா 409 கப்புனு புடிக்கும், 304 புடிக்காது, வளைச்ச இடத்துல மட்டும் லேசா புடிக்கலாம், அதுக்காக ஏமாத்திட்டான்னு சண்டைக்கு போகாதீங்க. டைட்டானியம் எடைல ஸ்டீல்ல பாதிக்கு கொஞ்சம் மேல, சூடுல நீலம் ஊதான்னு கலர் காட்டும், அது பெயின்ட் இல்ல, மேல படியற ஆக்சைடு படலத்தோட தடிமனுக்கு ஏத்த மாதிரி வெளிச்சம் காட்டற வித்தை. சத்தம் கொஞ்சம் கணீர்னு இருக்கும். தெருவுல ஓட்டற காருக்கு 304 தாராளம். மெட்டல விட வளைவ பாருங்க, வளைஞ்ச இடத்துல குழாய் சப்பிப் போகாம ஒரே வட்டமா இருக்கணும், வெல்டுக்கு உள்பக்கம் விரல விட்டா கருக்கின சக்கரை மாதிரி சொரசொரன்னு இருக்கக்கூடாது. அப்படி இருந்தா வெல்டு பண்ணும்போது உள்ள ஆர்கான் விடல, அந்த இடம்தான் முதல்ல விரிசல் விடும்.

கேள்வி: போல்ட்-ஆன் கிட், நானே வீட்ல மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், ஆனா இன்னொரு ஆள் வேணும். பழைய சைலன்சர் கடைசி ரப்பர்ல இருந்து கழண்டு வர்றப்போ உங்க நெஞ்சு மேலதான் வந்து விழும்.

வண்டி முழுசா ஆறினதுக்கு அப்புறம், சமதளத்துல, நாலு ஜாக் ஸ்டாண்ட்ல நிக்கணும். வெறும் ஜாக்க நம்பி அடியில போனீங்கன்னா இந்த பதில நான் வாபஸ் வாங்கிக்கறேன். முந்தின நாள் ராத்திரியே நட்டு போல்ட்ல துரு இளக்கற ஆயில் அடிச்சு ஊற விடுங்க, காலைல பாதி கெட்ட வார்த்தை மிச்சமாகும். ஹேங்கர் ரப்பருக்கு சோப்புத்தண்ணி இல்லேன்னா சிலிகான் ஸ்ப்ரே, கிரீஸும் இன்ஜின் ஆயிலும் வேணாம், ரப்பர் உப்பிடும். சென்சார கழட்டறதா இருந்தா முதல்ல கனெக்டர உருவுங்க, ஒயரோட சேத்து முறுக்கினா உள்ள அறுந்துடும். சில கார்ல பழைய குழாய் ஆக்சிலுக்கு மேல ஒரே துண்டா போகும், வெட்டாம வராது, வெட்டறதுக்கு முன்னாடி புதுசு எந்த இடத்துல சேருதுன்னு ரெண்டு தடவை அளந்துக்கங்க.

மாட்டறப்போ எல்லாரும் பண்ற தப்பு, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் அப்பப்பவே இறுக்கிக்கிட்டே வர்றது. முன்னாடி அரை டிகிரி கோணினா பின்னாடி டிப் பம்பர போய் முட்டும். எல்லாத்தையும் லூசா மாட்டி, தொங்க விட்டு, டிப் ரெண்டும் சமமா இருக்கான்னு தள்ளி நின்னு பாத்து, அப்புறம் முன்னாடில இருந்து பின்னாடி இறுக்கிக்கிட்டே போங்க. கேஸ்கெட் புதுசு போடுங்க, பழசுல கஞ்சத்தனம் வேணாம். குழாய சுத்தி எல்லா பக்கமும் விரல் நுழையற இடம் இருக்கணும், முக்கியமா பிரேக் லைன், ஹீட் ஷீல்டு, பிளாஸ்டிக் பம்பர் பக்கம். டிப்புக்கு பின்னாடி நகரவும் இடம் விடணும், ஏன்னா 2 மீட்டர் 304 குழாய் 400 டிகிரி சூடேறினா கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டர் நீளும், அளந்து பாக்காத வரைக்கும் யாரும் நம்ப மாட்டாங்க.

கடைசியா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி குழாய் முழுக்க ஆல்கஹால் தொட்ட துணியால தொடைச்சுடுங்க, இல்லேன்னா உங்க கைரேகை அப்படியே சுட்டு ஒட்டிக்கும், அப்புறம் அது போகவே போகாது. முதல் தடவை லேசா புகையும் எண்ணெய் நாத்தமும் வரும், பயப்படாதீங்க, வெளிய வெச்சு ஓட விடுங்க. ரெண்டு மூணு தடவை சூடாகி ஆறினதும் போல்ட்டெல்லாம் மறுபடி ஒரு தடவை இறுக்கிடுங்க.

கேள்வி: ஆக்ஸிலேட்டர விட்டதும் பட்டாசு மாதிரி பட் பட்னு வெடிக்கணும், எந்த எக்ஸாஸ்ட் வாங்கலாம்?

பதில்: அது எக்ஸாஸ்ட்ல இருந்து வர்றதில்ல, ட்யூன்ல, அதாவது ஈசியு செட்டிங்ல இருந்து வருது. கால எடுத்ததும் பெட்ரோல நிறுத்தாம கொஞ்சம் விட்டு, ஸ்பார்க்க லேட்டாக்கி, குழாய்க்குள்ள எரிய விடறாங்க. கம்பெனியே அளவா வெச்சிருந்தா பிரச்சனை இல்ல. வெளில வாங்கின மேப்ல மெஷின் கன் மாதிரி வெச்சா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள இருக்கற தேன்கூடு உருகும், வால்வும் டர்போவும் தேவையில்லாம சூடு வாங்கும். எனக்கு அந்த சத்தம் முதல் நாள் புடிச்சுது, ரெண்டாவது நாள்ல இருந்து எரிச்சல்.

கேள்வி: விடியக்காலம் 5 மணிக்கு வேலைக்கு கெளம்பணும், பக்கத்து வீட்டுக்காரர் இப்பவே முறைக்கிறார். சட்டத்துக்குள்ள, சண்டை இல்லாம எவ்ளோ சத்தம் வெச்சுக்கலாம்?

பதில்: வால்வ் வெச்ச சிஸ்டம் வாங்குங்க, உங்களுக்காகவே செஞ்சது. உள்ள ஒரு தகடு மூடினா சைலன்சர் வழியா சுத்திப் போகும், தெறந்தா நேரா போகும். ஆனா குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர சீக்கிரம் சூடாக்கறதுக்காக, அது சுமார் 250, 300 டிகிரி தாண்டினாத்தான் வேலையே செய்யும், ஒரு நிமிஷம் போல ஆர்பிஎம் ஏத்தி வெச்சிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர எழுப்பறது அந்த ஒரு நிமிஷம்தான். அதனால ஸ்டார்ட்ல வால்வ் மூடியே இருக்கற மாதிரி வைங்க. கம்பெனி வால்வ கழட்டிட்டு வேற மாட்டறதா இருந்தா மோட்டார் கனெக்டர சும்மா தொங்க விடாதீங்க, அதுக்கும் லைட் வரும்.

டெசிபல் கணக்கு வழக்கமான கணக்கு இல்ல. 3 டெசிபல் கூடினா சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு, 10 கூடினா நம்ம காதுக்கே ரெண்டு மடங்கா கேக்கும். அதனால ‘வெறும் 8 டெசிபல்தான் ஜாஸ்தி’ன்னு விக்கிறவர் சொன்னா அது ‘வெறும்’ இல்ல. வண்டிய நிறுத்தி வெச்சு அளக்கறப்போ டிப்புல இருந்து அரை மீட்டர் தூரத்துல 45 டிகிரி கோணத்துல மைக் வெப்பாங்க, பக்கத்துல வேற சத்தம் இல்லாத இடமா இருக்கணும். போன் ஆப்ல அளந்துட்டு அதிகாரிகிட்ட வாதாடாதீங்க. வாங்கற சைலன்சர்ல உங்க நாட்ல செல்லுபடியாகற சான்று முத்திரை குத்தியிருக்கான்னு பாருங்க, அந்த காகிதத்த கார்லயே வைங்க, இன்ஷூரன்ஸ்லயும் சொல்லிடுங்க.

கேள்வி: போன மாசம் ஒரு கடைல கேட்-பேக் மாட்டினேன். காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு சத்தம், சூடானா போயிடுது. சிக்னல்ல நிக்கும்போது உள்ள லேசா புகை நாத்தம். சூடானா சத்தம் போயிடுதே, விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க, இந்த வாரமே பாருங்க. ஜாயின்ட்ல ஒழுகுது, மெட்டல் சூட்டுல விரிஞ்சதும் சந்து அடைபடறதால சத்தம் நின்ன மாதிரி இருக்கு, அவ்ளோதான். புகைல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு நாத்தமே கிடையாது, உங்களுக்கு வர்றது கூட வர்ற மத்ததோட நாத்தம். அது ரத்தத்துல ஆக்ஸிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும், தலைவலி, குமட்டல், தூக்கம்னு ஆரம்பிக்கும், ஓட்டறவருக்கு தான் மயங்கறோம்னே தெரியாது. சரி பண்ற வரைக்கும் வண்டிய எடுக்காம இருக்கறதுதான் நல்லது, எடுத்தே ஆகணும்னா எல்லா கண்ணாடியும் இறக்கிட்டு போங்க, டிக்கி கதவ தெறந்து வெச்சு மட்டும் ஓட்டாதீங்க, புகை உள்ள சுழன்டு வரும். வண்டி ஆறி இருக்கும்போது ஒரு ஆள் ஸ்டார்ட் பண்ணி டிப்ப கனமான துணியால லேசா அமுக்கட்டும், நீங்க ஜாயின்ட்டுங்கள்ல சோப்புத்தண்ணி அடிங்க, குமிழி வர்ற இடம்தான் ஓட்டை. யூ-போல்ட் கிளாம்ப்பா இருந்தா அது குழாய நசுக்கி இருக்கும், அகலமான பேண்ட் கிளாம்ப்புக்கு மாத்துங்க. ஓட்டை ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னாடி இருந்தா வெளிக்காத்து உள்ள போய் பெட்ரோல் பத்தலன்னு ஈசியு தப்பா நெனச்சு பெட்ரோல கூட்டிக்கிட்டே போகும், மைலேஜும் விழும். உங்களுது கேட்-பேக்ங்கறதால பெரும்பாலும் அது இருக்காது.

கேள்வி: கழட்டின பழைய எக்ஸாஸ்ட்ட எடைக்கு போட்டுடட்டுமா?

பதில்: ஐயோ வேணாம். டெஸ்ட்டுக்கு போகணும், வண்டிய விக்கணும், இல்ல ட்ரோன் தாங்க முடியாம நீங்களே மாத்தணும், மூணுல ஒண்ணுக்கு கண்டிப்பா தேவைப்படும். போல்ட்டெல்லாம் ஒரு கவர்ல போட்டு குழாய்லயே கட்டிடுங்க, ரெண்டு வாயையும் துணி அடைச்சு டேப் ஒட்டி வைங்க. நான் அடைக்காம விட்டு, ஒன்றரை வருஷம் கழிச்சு திருப்பி மாட்டி ஸ்டார்ட் பண்ணப்போ உள்ள ஒரு எலி கட்டின வீடு மொத்தமும் வெளிய பறந்து வந்துது.